கைக்கு முன் தோளைப் பார்

திருகோணமலை வீதிகளிலே மாலைப் பொழுதிற் செல்வோர் யாவரும் மான்களுக்கு வழிவிடப் பழகியவர்கள். பிரடெரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள் வெயில் தாழ்ந்ததும் கோட்டை வாயிலைக் கடந்து நகருக்குள் உலாவ வருவதுண்டு. வீதி ஒழுங்கு எதுவும் அவை அறியா. சைக்கிளிற் செல்பவர் காலை ஊன்றி நிற்பார். முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடிப்பார். மோட்டார்க் காரில் வருபவர் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். மூவரும் செய்வது நியாயமே. ஆயினும், அவ்வாறு காலை எடுத்ததனாலேயே ஓர் இளைஞர் வீதியை விட்டு மணலில் இறங்க நேர்ந்தது. அந்தக் கதையை இவ்வாரம் எமது வாசகர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றோம்.

அவ்விளைஞர் எம்மிடம் பௌதிகம் பயின்றவர். இப்பொழுது உத்தியோகம் பார்க்கின்றார். காலஞ்சென்ற தம் மாமனாரின் சகோதரர் ஒருவர் கொழும்பில் விட்டுச் சென்ற பழைய கார் ஒன்றைச் சென்ற ஆண்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1960களின் பிற்பகுதியில் வெளிவந்த மார்க் 3 என்னும் இனம். யுத்தகாலத்துப் போர்விமானம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. உவர்மலைச் சிறுவர்கள் அதன் பின்னால் ஓடுவதையும், வயோதிபர் சிலர் நின்று பார்த்துப் பெருமூச்சு விடுவதையும் நாமே கண்டிருக்கின்றோம்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் எமது வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். முகம் வாடியிருந்தது.

“சேர், நேற்று மாலை உட்துறைமுக வீதி வளைவிலே மான் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. உடனே காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவே இல்லை. காரின் பின்பக்கம் தானாகவே வெளியே ஓடிற்று. ஒரு சுற்றுச் சுற்றி மணலிலே போய் நின்றது. மழையும் இல்லை, பெரிய வேகமும் இல்லை,” என்றார்.

மானுக்கும் மனிதருக்கும் தீங்கில்லை என்று அறிந்த பின்னரே எமக்கு மூச்சு வந்தது. அவரோ அதற்குள் பரிகாரத்தையும் தேடிவிட்டார். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரு கைகளுக்குப் பதிலாகப் பொருத்துதற்கென வெளிநாட்டில் விற்கப்படும் புதிய கைகள் அவை. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு மரையுண்டு. மூட்டுகளிலே ரப்பருக்குப் பதிலாகப் பொலியூரிதேன் என்னும் கடினமான பொருள். “இவற்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா, சேர்?” என்பது அவருடைய கேள்வி.

எமக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. “முதலில் காரைப் பார்ப்போம், தம்பி,” என்றோம்.

ஊசல் அச்சு

மோட்டார்க் காரின் பின் சக்கரங்கள் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளன என்று நம்மிற் பலர் குனிந்து பார்ப்பதில்லை. பழைய முறை எளியது. மாட்டுவண்டியின் அச்சைப் போல ஒரே விறைப்பான குழல் இரு சக்கரங்களையும் இணைக்கும். அதன் நடுவே இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பகிரும் பல்லிணைப் பெட்டி இருக்கும். அதனை ‘டிஃபரன்ஷல்’ என்பர். இம்முறையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். ஏறியிருப்போர் இடுப்பு அதனை நன்கு அறியும்.

இக்குறையை நீக்க எண்ணிய பொறியியலாளர், பல்லிணைப் பெட்டியைக் காரின் சட்டத்தோடு அசையாமற் பிணைத்தனர். அதன் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வோர் அரை அச்சு வெளியே நீளும். உள்முனையில் மாத்திரம் ஒரு மூட்டு, வெளிமுனையில் சக்கரம். ஊஞ்சலின் கயிறு போல, அரை அச்சு அந்த மூட்டைப் பற்றி மேலுங்கீழும் ஊசலாடும். ஆகவே இதனை ஊசல் அச்சு என்று அழைப்போம். ஒரு சக்கரத்தின் துன்பம் மற்றதைத் தாக்காது, செலவும் குறைவு. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டும் பல்லாண்டு காலம் இம்முறையிலேயே ஓடிற்று.

1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்ட் காரில் இந்த ஊசல் அச்சு இடம்பெற்றது. இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி அதன் உருவத்தை வரைந்தார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் வல்லமையை அக்காலத்தவர் வியந்து பேசினர். 1962இல் அதே அடிச்சட்டத்தின் அமைப்பைக் குறுக்கித் தழுவி ஸ்பிட்ஃபயர் பிறந்தது. 1980 வரையில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட ஸ்பிட்ஃபயர் கார்கள் செய்யப்பட்டன.

இவற்றின் பின்பகுதியில் மூன்று உறுப்புகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, குறுக்காகப் படுத்திருக்கும் பட்டை ஸ்பிரிங். அதன் நடுப்பகுதி பல்லிணைப் பெட்டியின் தலையிலே இறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் சக்கரங்களின் மேற்பக்கத்தைப் பிடித்திருக்கும். இரண்டாவது, அரை அச்சு; அது சக்கரத்தைச் சுழற்றுவதுடன், கீழ்க்கையாக நின்று அதனைத் தாங்கவும் செய்கின்றது. மூன்றாவது, சக்கரத்திலிருந்து முன்னோக்கிச் சென்று காரின் உடலிலே பூட்டப்பட்டிருக்கும் ஒரு சிறிய இரும்புக் கை. சக்கரம் முன்னேயோ பின்னேயோ நகராமல் பிடித்துக்கொள்வது அதன் கடமை. எமது மாணவர் மாற்ற விரும்பியது இந்த மூன்றாவது உறுப்பையே.

ஓர் அஞ்சலட்டைப் பரிசோதனை

மாணவ நண்பர்கள் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். ஓர் அஞ்சலட்டையை நடுவிலே மடித்து, மடிப்பு சற்று மேலே நிற்கும்படி மேசைமேல் வையுங்கள். ஒரு விளிம்பை விரலால் அசையாமற் பிடித்துக்கொண்டு, மற்ற விளிம்பை உள்நோக்கி மெல்லத் தள்ளுங்கள். நடு மடிப்பு மேலே எழும். எழ எழ, மேலும் எழுவது இலகுவாகும்.

ஊசல் அச்சுள்ள கார் வளைவிலே செல்லும்போது நிகழ்வது ஏறத்தாழ இதுவே. வளைவின் வெளிப்புறச் சக்கரத்தை வீதி உள்நோக்கித் தள்ளுகின்றது. அந்த விசை தரைமட்டத்தில் இருக்கின்றது. மூட்டோ அதற்கு மேலே இருக்கின்றது. ஆகவே காரின் பின்னுடல் எழும்புகின்றது. எழும்பியதும் அரை அச்சு வெளிப்புறமாகக் கீழ்நோக்கிச் சரிகின்றது. சக்கரம் அரை அச்சுக்குச் செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருப்பதால், அதன் உச்சி வெளியேயும் அடி உள்ளேயுமாகச் சாய்கின்றது. டயரின் பரந்த முகம் தரையைப் பற்ற வேண்டிய நேரத்தில் ஓர் ஓரம் மாத்திரம் பற்றிக்கொண்டு நிற்கும்.

இந்நிலையிலே சாரதி திடீரெனக் காலை எடுத்தால் நிலைமை மேலும் மோசமாகின்றது. இயந்திரம் காரைப் பின்னிழுக்கும்; பாரம் முன் சக்கரங்களுக்குப் பெயரும்; பின்பக்கம் இலேசாகி மேலும் எழும்பும்; சக்கரம் மேலும் மடங்கும். பிடியிழந்த பின்பக்கம் வெளியே ஓடும். எமது மாணவர் மானைக் கண்டு காலை எடுத்ததும் இதன் பயனைக் கண்டார்.

இது ஒரு கம்பனிக்கு மாத்திரம் உரிய குறையன்று. ஊசல் அச்சு என்ற அமைப்புக்கே உரியது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த கோர்வேர் என்னும் காரைப் பற்றி ரால்ஃப் நேடர் என்னும் சட்டத்தரணி 1965இல் எழுதிய நூல் பெரும் புயலைக் கிளப்பிற்று. 1972இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆய்வறிக்கை, அக்காலத்து ஏனைய கார்களைவிடக் கோர்வேர் மோசமானதன்று என்று முடிவு கூறிற்று. எவர் கூற்றைக் கொள்ளினும் ஓர் உண்மை நிற்கின்றது. அந்நூல் வெளிவருமுன்னரே, 1965ஆம் ஆண்டு மாதிரிக்கென அக்காரின் பின் அமைப்பை அதனைச் செய்தவர்கள் முற்றாக மாற்றிவிட்டனர். பிழையைக் கண்டவர் திருத்துவர். எவ்வாறு திருத்துவது என்பதிலேதான் அறிவு சோதிக்கப்படுகின்றது.

இங்கிலாந்து திருத்திய விதம்

ட்ரையம்ஃப் கார்களைச் செய்தோர் இரண்டு வழிகளைக் கண்டனர். ஸ்பிட்ஃபயரின் உடன்பிறப்பான ஜி.டி. 6 என்னும் ஆறு சிலிண்டர்க் கார் 1966இல் வந்தது. கனத்த இயந்திரத்துடன் அது பழைய ஊசல் அச்சைத் தாங்கி வந்தபோது விமரிசகர் குறை கூறினர். 1968இல் வந்த அதன் இரண்டாம் மாதிரியில், அரை அச்சு செய்துவந்த தாங்கும் வேலையை அதனிடமிருந்து பறித்து, புதிதாக ஒரு கீழ்க்கையிடம் ஒப்படைத்தனர். அரை அச்சு ரப்பர் இணைப்புடன் சுழற்றும் வேலையை மாத்திரம் செய்தது. சக்கரம் செங்குத்தாக நிற்கப் பழகிற்று.

நல்ல வழி, ஆனால் செலவு மிக்கது. 1970இல் வந்த ஸ்பிட்ஃபயரின் நான்காம் மாதிரிக்கு வேறொரு வழியை வகுத்தனர். பட்டை ஸ்பிரிங்கின் பட்டைகள் யாவற்றையும் பெட்டியின் தலையிலே இறுக்காமல், ஒன்றை மாத்திரம் இறுக்கி, மற்றவை நடுவிலே தராசுக்கோல் போல ஆடும்படி விட்டனர். வளைவிலே காரின் உடல் சாயும்போது பின் ஸ்பிரிங் அதனை எதிர்த்து முரண்டு பிடிப்பதில்லை. ஆகையால் வெளிச்சக்கரத்தின்மீது மிகைப் பாரம் விழுவதும், பின்னுடல் எழும்புவதும் குறைந்தன. பின்பக்கம் விட்டுக்கொடுத்த விறைப்பை ஈடுசெய்ய, முன்பக்கத்துச் சாய்வுத் தடைக் கம்பியைத் தடிப்பாக்கினர். 1973இல் பின் சக்கரங்களின் இடைத்தூரத்தை 2 அங்குலம் கூட்டினர். அதே ஆண்டிலே, கீழ்க்கையும் ரப்பர் இணைப்பும் பெற்றிருந்த ஜி.டி. 6 காரும் இந்த எளிய ஸ்பிரிங்குக்கே திரும்பி வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் முன் கம்பியையும் மாற்றினர். ஓர் உறுப்பைத் தொட்டால் அதனோடு உறவுடைய உறுப்புகளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சென்னை திருத்திய விதம்

இப்பொழுது வாசகர்களைப் பாக்குநீரிணைக்கு அப்பால் அழைத்துச் செல்ல வேண்டும். ஏனெனில் இதே ஹெரால்ட் காரைத் தமிழர் நாட்டிலும் செய்தனர். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் தொழிற்சாலை 1961 முதல் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்னும் பெயரில் அதனை வெளியிட்டது. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம்; பின்னே அதே ஊசல் அச்சு. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளுடன் விற்ற காருக்குச் சென்னையிலே நான்கு கதவுகள் வைத்தனர். குடும்பமாகப் பயணஞ் செய்யும் நாட்டிலே, பாட்டி இருக்கையைத் தாண்டிப் பின்னே ஏறமாட்டார் அல்லவா?

ஊசல் அச்சின் மறுபக்கம் இத்தகைய குடும்பக் காரிலே தோன்றும். பாரம் ஏற ஏறப் பின்னுடல் தாழும். சக்கரங்களின் உச்சிகள் உள்நோக்கிச் சாய்ந்து, அடிகள் அகலும். பாரஞ் சுமந்த கழுதை கால்களைப் பரப்பி நிற்பது போன்ற அந்தக் கோலத்தைக் கண்டவர் மறவார். நாட்பட்டுத் தளர்ந்த ஸ்பிரிங்குடன் இவ்வாறு ஓடினால் டயரின் உள்விளிம்பு மாத்திரம் விரைவிலே தேயும்.

1972இல் அத்தொழிற்சாலை ஹெரால்டுக்குப் பதிலாகக் ‘கெஸல்’ என்னும் காரைக் கொண்டுவந்தது. அடிப்படை ஹெரால்டினுடையதே. ஆனால் பின்னே ஊசல் அச்சு இல்லை. பழைய விறைப்பான ஒற்றை அச்சு வந்து அமர்ந்தது. இங்கிலாந்தவர் மூட்டுகளைக் கூட்டியும் நுட்பமாக்கியும் தீர்க்க முயன்ற வினாவைச் சென்னையிலிருந்தோர் மூட்டுகளையே நீக்கித் தீர்த்தனர். இதனால் நேர்ந்த நட்டம், ஒரு சக்கரத்தின் குலுக்கல் மறு சக்கரத்துக்கும் செல்வது. இலாபமோ பெரிது: ஆறு பேர் ஏறினாலும் சக்கரம் நேரே நிற்கும், தேய்வதற்கு மூட்டுகள் குறைவு, மாட்டுவண்டி அச்சையும் லொறி அச்சையும் அறிந்த எந்தக் கிராமத்துக் கராஜ்காரரும் திருத்தலாம்.

காகிதத்திலே பார்ப்பவர் இதனைப் பின்னேற்றம் என்பார். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்தக் கார் எந்த வீதியில், யாரை ஏற்றிக்கொண்டு, எவர் கையில் பழுதுபார்க்கப்பட்டு ஓடப் போகின்றது என்னும் கேள்விக்கு அது நேர்மையான விடை. திருத்தம் என்பது பிறர் செய்ததைப் பார்த்து வாங்கிப் பூட்டுவதன்று; தன் இடத்தையும் தேவையையும் அறிந்து செய்வதே.

கம்பளத்தின் கீழே

எமது மாணவரின் காருக்குத் திரும்புவோம். துறைமுகப் பக்கத்திலே சிறிய கராஜ் ஒன்றை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். ஊரார் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைப்பர். அவர் புதிய கைகளின் படத்தைப் பார்த்தார், புன்னகை செய்தார், ஒன்றுஞ் சொல்லாமல் இருக்கைகளுக்குப் பின்னேயிருந்த கம்பளத்தைத் தூக்கினார். ஒரு திருப்புளியை எடுத்து, கை பூட்டப்பட்டிருந்த இடத்துக்கு அருகே தரைத் தகட்டில் ஊன்றினார். திருப்புளி பிஸ்கட்டிலே நுழைவது போல நுழைந்துவிட்டது.

ஸ்பிட்ஃபயரில் அந்தக் கை பூட்டப்பட்டிருப்பது கனத்த அடிச்சட்டத்தில் அன்று. இருக்கைக்குப் பின்னேயுள்ள உடல் தகட்டிலேயே. கம்பளத்தின் கீழே நீர் தேங்கினால் முதலில் இறப்பது அவ்விடம். எமது ஊரிலோ காற்றே உப்பு நீர். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரில், இரும்பை வாங்குபவர் துருவையும் சேர்த்தே வாங்குகின்றார். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு கராஜ்காரர் அத்துருவைச் சுரண்டாமல் அதன்மேலே தார் பூசிக் கறுப்பாக்கி விட்டிருந்தார். தார் நீரை வெளியே தடுக்கவில்லை. உள்ளேயே பூட்டி வைத்தது. ஐம்பது ஆண்டு கடந்த இரும்புக்கு அதனைச் செய்தவர் பொறுப்பாளி ஆகார்; பேணியவர்களும் பேணாதவர்களுமே பொறுப்பாளிகள்.

“தம்பி, நீங்கள் கையை மாற்றப் பார்க்கிறீர்கள். இங்கே தோள் இற்றுப்போய்க் கிடக்கிறது,” என்றார் பாஸ்.

அவ்வொரு வாக்கியம் நாம் நடத்தவிருந்த முழுப் பாடத்தையும் சுருக்கிச் சொல்லிவிட்டது. இயந்திரம் காரை ஓட்டும்போது சக்கரம் அந்தக் கையை முன்னே தள்ளுகின்றது. காலை எடுத்ததும் விசை திசைமாறி, கையைப் பின்னே இழுக்கின்றது. பூட்டிய தகடு இற்றிருந்தால், இழுத்த இழுப்புக்கு அது நெகிழும். சக்கரம் சற்றே பின்வாங்கி வெளிநோக்கித் திரும்பும். முன் சக்கரங்களைச் சாரதி திருப்புகின்றார். பின் சக்கரம் ஒன்று தன் எண்ணப்படி திரும்புகின்றது! ஊசல் அச்சின் இயல்பான குறையுடன் இந்தத் துருவும் சேர்ந்தே அன்று மாலை காரைச் சுழற்றியது.

அந்நிலையில் புதிய கைகளைப் பூட்டியிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? ரப்பர் மூட்டு அதிர்ச்சியிற் பாதியைத் தான் விழுங்கிக்கொள்ளும். கடினமான மூட்டோ ஒவ்வோர் இழுப்பையும் உதைப்பையும் அப்படியே தகட்டுக்கு அனுப்பும். சில மாதங்கள் கார் விறைப்பாக, அழகாக ஓடியிருக்கும். சாரதியின் துணிவும் வேகமும் கூடியிருக்கும். பின்னர் ஒருநாள் கை முறியாது. தோளோடு பிய்ந்து வந்திருக்கும். கந்தளாய் வழியாக ஹபறணை நோக்கிச் செல்லும் நெடுவீதியிலே, எதிரே பஸ் வரும் வேளையில் அது நேர்ந்திருந்தால் என்னும் எண்ணம் எம்மை நடுங்கச் செய்தது. மாணவரும் பேசாதிருந்தார்.

செய்தது என்ன

பழைய காரை வைத்திருக்கும் ஏனையோர்க்கும் பயன்படுமாதலால், பாஸ் செய்த வேலையை ஒழுங்காகச் சொல்கின்றோம்.

முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினார். பின்னர் பெற்றோல் தாங்கியைக் காரிலிருந்து இறக்கித் தொலைவிலே வைத்தார். இக்காரில் அத்தாங்கி இருக்கைகளுக்குப் பின்னே, துரு வெட்ட வேண்டிய இடத்துக்கு மிக அண்மையில் இருக்கின்றது. அதை இறக்காமல் அங்கே வெல்டிங் நெருப்பைக் கொண்டுசெல்வது உயிரோடு விளையாடுவதாகும். எந்தக் காரிலும் வெல்டிங் வேலை செய்யுமுன் இவ்விரண்டையும் கேட்டு உறுதிசெய்ய வாசகர்கள் தயங்க வேண்டா.

அடுத்து, துருப்பிடித்த தகட்டை, நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும் வரையில் வெட்டி எறிந்தார். துருவின்மேலே ஒட்டுப் போடவில்லை. அதே தடிப்புள்ள புதிய தகட்டை வெட்டிப் பொருத்தி, கை பூட்டுமிடத்தில் விசை பரவுதற்காகச் சற்று அகன்ற வலுத்தகடு ஒன்றையும் இணைத்தார். பொருத்துகளை அடைத்து, வர்ணம் பூசி, உட்குழிவுகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெய் தெளித்தார். நீர் வடியும் துவாரங்களைத் திறந்துவிட்டார். கம்பளத்தை ஒட்டாமல், தூக்கிப் பார்க்கத்தக்கதாக விரித்தார்.

கைகளோ பழைய கைகளே. வளையாமலும் இறாமலும் இருந்த அவற்றுக்குப் புதிய ரப்பர் மூட்டு மாத்திரம் போட்டார். அவை உடலைத் தொடும் இடத்தில் மெல்லிய இடைத்தகடுகள் இருக்கும். அவற்றைக் கூட்டியும் குறைத்தும் இரு பின் சக்கரங்களும் ஒரே பார்வையாக முன்னோக்கும்படி நூல் பிடித்துச் சரிசெய்தார். திருகு மரையுள்ள புதிய கைகள் செய்யும் வேலையையே இந்த எளிய தகடுகள் முன்னரே செய்துவந்தன என்பதை அப்பொழுதுதான் மாணவர் கண்டார்.

ஊசல் அச்சின் குறைக்கும் பரிகாரம் வேண்டும் அல்லவா? பின்பக்கத்தைத் தாழ்த்துவது ஒரு வழி. ஸ்பிரிங்குக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கட்டையை வைத்தால் கார் தாழும்; சக்கரத்தின் அடி அகன்று நிற்பதால் மடங்குதலும் குறையும். பந்தயத் திடலுக்கு அது பொருந்தலாம். வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த எமது வீதிகளில், ஸ்பிரிங் அசைவதற்கு மிஞ்சியிருக்கும் இடத்தையும் அது பறித்துவிடும். ஆகவே அதனை விடுத்து, 1970இல் வந்த ஆடும் ஸ்பிரிங்கையும், அதற்கு இணையான தடித்த முன் கம்பியையும் சேர்த்தே வரவழைத்துப் பூட்டினர். ஒன்றை வாங்கி மற்றதைப் பின்னர் பார்ப்போம் என்று விட்டிருந்தால் கார் வளைவுகளில் அளவுமீறிச் சாய்ந்திருக்கும்.

வேலை முடிந்த மாலை மாணவருடன் அதே வளைவிலே சென்றோம். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தார். வளைவுக்குள் காலை ஒரே நிலையில் வைத்திருந்தார். வெளியேறும்போது மெல்ல அழுத்தினார். எந்தத் திருத்தத்தையும்விட இந்தப் பழக்கமே முதன்மையானது என்று பாஸ் அவருக்குச் சொல்லியிருந்தார். நல்ல வேளையாக அன்று மான் எதுவும் வரவில்லை.

துறைமுகம் சொல்வது

திரும்பும் வழியிலே துறைமுகக் கரையில் சற்று நின்றோம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எமது ஊரினது. கப்பல்களைக் கட்டுதற்கு மனிதனுடைய கையைவிடப் பருத்த வடங்கள் உண்டு. வடம் எத்துணை பருத்ததாயினும், கரையிலே நட்ட தூண் உளுத்திருந்தால் கப்பல் நிற்குமா? காற்று எழும் இரவிலே வடம் அறாது. தூணையும் இழுத்துக்கொண்டு கப்பல் போய்விடும்.

புதியதை வாங்கிப் பூட்டும் ஆசை இளைஞர்க்கு இயல்பு. அதனை நாம் குறை கூறவில்லை. அந்த ஆசை இல்லையேல் ஊசல் அச்சும் பிறந்திராது, அதன் திருத்தமும் பிறந்திராது. ஆனால், எதனையும் மாற்றுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முன்னவன் இதனை ஏன் இவ்வாறு செய்தான்? நாம் பூட்டப்போவதைத் தாங்கும் இடம் உறுதியாக இருக்கின்றதா? பரீட்சைக்குப் புதிய புதிய வழிகாட்டி நூல்களை வாங்கி அடுக்கும் மாணவரும், விரிசல் விட்ட அத்திவாரத்தின்மேல் இரண்டாம் மாடி எழுப்ப எண்ணும் குடும்பத்தலைவரும் இக்கேள்விகளைத் தமக்கும் கேட்டுக்கொள்ளலாம்.

எமது மாணவர் அந்தப் புதிய கைகளை வரவழைக்கவே இல்லை. அதற்கென ஒதுக்கிய பணம் தகட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் செலவாயிற்று. மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதாக எம்மிடம் சொல்லியிருக்கின்றார். காரின் அழகைப் பாராட்டுவோர் எவருக்கும் அந்தத் தகடு தெரியப்போவதில்லை. அதனை அறிந்தவர்கள் மூவர்: அவர், பாஸ், நாம். இனி இப்பத்தியின் வாசகர்களும்.